கொடி பிடித்த கை

நொய்யல் நதிக்கரையிலுள்ள திருப்பூருக்குப் பனியன் வாங்கப் போகிறவர் பலர். சிலை காணப் போகிறவர் சிலரே. இரயில் நிலையத்துக்கு அருகிலேயே தியாகி குமரனின் நினைவகம் இருக்கிறது. ஊர் திரும்பும் அவசரத்திலும் சிறிது நேரம் ஒதுக்கி அதைப் பார்த்து வரலாம்.

சென்னிமலையில் 1904-ஆம் ஆண்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் குமரன். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து, 1932 ஜனவரி 10-ஆம் தேதி திருப்பூரில் ஓர் ஊர்வலம் புறப்பட்டது. போலீஸாரின் தடியடியில் மண்டை பிளந்து குமரன் விழுந்தார்; நினைவு தப்பிய பிறகும் கொடியைப் பற்றிய பிடி தளரவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அப்போது வயது இருபத்தேழு.

நம் சிற்பிகளும் சித்திரக்காரர்களும் அவரைப் பெரும்பாலும் கொடியேந்தி நிமிர்ந்து நிற்பவராகவே காட்டுகிறார்கள். பார்வைக்கு அழகுதான்; மாலை சாத்தவும் சௌகரியம். ஆனால் குமரன் சரித்திரத்தில் இடம் பெற்றது நின்றதனால் அல்லவே, விழுந்தும் விடாததனால் அன்றோ! விழுகிற மனிதனின் பெருமையை வெண்கலத்தில் காட்ட இயலுமா?

இயலும் என்பதற்குப் பாட்னா நகரம் சாட்சி. 1942 ஆகஸ்டு 11-ஆம் தேதி அங்கே தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியேற்ற முயன்ற ஏழு மாணவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களை வெண்கலத்தில் வடித்தவர், சென்னை ஓவியப் பள்ளிக்குப் பல ஆண்டுகள் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. ஒருவர் கொடியுடன் முன்னே செல்ல, பின்னே தோழர்கள் சரிகிறார்கள். சரியும் உடல்களைக் கண்ட பிறகுதான் கொடியின் கனம் நமக்குப் புலனாகிறது.

சென்னைக் கடற்கரையில் 1959-இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையும் அவர் படைத்ததே. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வருக்கும் பெயரில்லை. புடைத்த முதுகும் ஊன்றிய காலுமே அவர்களுடைய அடையாளம்.

திருப்பூரின் உழைப்போ வேறு வகை. கட்டிங் மாஸ்டர், டெய்லர், அவருக்கு உதவும் கைமடி என்று பனியன் கம்பெனிகளில் பாடுபடுவோர் எத்தனையோ பேர். தென் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்களோடு, பீஹாரிலிருந்து வந்த இளைஞர்களும் இன்று அங்கே இருக்கிறார்கள். பஞ்சப்படி கேட்டு 1984-இல் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. இவர்களை வடிக்க வரும் சிற்பிக்குப் பாறை பெயர்க்கும் தோள் உதவாது. ஓவர்லாக் மெஷின் முன் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்ணின் கழுத்தையும், ஊசிக்கு அருகே துணியைத் தள்ளும் அவள் விரல்களையும் அவர் அருகிருந்து பார்க்க வேண்டும்.