கொம்பு இடம் மாறிய பெயர்

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் நாலு பேர் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறோம். தவணைக்குத் தவணை கையால் ரிப்போட் எழுதி அலுத்துப்போய், ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் செய்தோம். புள்ளிகளைப் போட்டால் எச்டிஎம்எல் பக்கமாக ரிப்போட் வரும். ஒரு பட்டனை அழுத்தினால் பிடிஎஃப் ஆகும். பிரவுசரில் பார்க்க அவ்வளவு அழகு. அந்தத் தெம்பில் பிடிஎஃபைத் திறந்துகூடப் பார்க்காமல், மாத்தளை டவுனில் பிரின்ட் எடுத்துக் கட்டாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது எம் புள்ள பேரு இல்லீங்களே!”

மகளின் பெயர் ‘செ’வில் தொடங்கும். தாளில் ‘ச’ தனியாக நிற்க, அதன் கொம்பு பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டியிருந்தது. தலைப்பில் ‘மாத்தளை’யே ஒழுங்காக இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பழைய பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் கொம்பை முதலில் தட்டுவோம். யூனிகோடில் அப்படியில்லை, முதலில் ‘ச’, அதன்பிறகே கொம்பு சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. குரோமில் அதை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் செய்கிறது. நாங்கள் பாவித்த இலவச பிடிஎஃப் கருவிக்கு அது தெரியாது, வந்த ஒழுங்கிலேயே அடுக்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கும், ‘கொம்புவ’ உள்ள சிங்களத்துக்கும் போதாது.

கருவியை மாற்றினோம். சேர்வரிலேயே திரையில்லாத குரோமை ஓடவிட்டு, பப்பெட்டியர் மூலம் அதே பக்கத்தை பிடிஎஃப் ஆக எடுத்தோம். முதலில் வெறும் பெட்டிகள்தான் வந்தன, ஏனென்றால் சேர்வரில் தமிழ் ஃபொன்டே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்ட பிறகுதான் பெயர் பெயராக வந்தது.

புதுத் தாளைக் கொடுத்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லீங்க தம்பி, என் பிறப்புப் பத்திரத்துலயும் பேரு பிழைதான்” என்றார்.

அந்தப் ‘பரவாயில்லை’ எங்களைச் சுட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரையாக இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. கையில் காகிதம் இல்லாமல் நாடற்றவர்களாக்கப்பட்ட சனம் நாங்கள். பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இன்றைக்கும் அலைகிறவர்கள் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். அந்தப் பிழைகளை யாரோ ஒரு எழுத்தர் எழுதினார் என்று சொல்லித் திட்டி வளர்ந்தோம். இந்த முறை எழுதியது எங்கள் கோடு. வெறும் ரிப்போட்தானே என்று தப்பிக்க முடியவில்லை.

இப்ப எதைச் செய்தாலும் முதல் சோதனைக்கு ‘டெஸ்ட் 1’ போடுவதில்லை. கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாம் வருகிற பெயர்களைப் போட்டு, ஒரேயொரு தாளை அச்செடுத்து, வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கொடுக்கிறோம். அது தடக்காமல் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் மற்றத் தாள்கள்.