மணலுக்குள் ஒரு பட்டாளம்

தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் துறைமுகத்தைப் பார்த்து, பனிமய மாதா கோயிலைத் தரிசித்து, கையில் மக்ரோன் பொட்டலத்தோடு ரயிலேறி விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்து விடாதீர்கள். வடக்கே, உப்பளங்களுக்கு நடுவே செல்லும் சாலையில் கொஞ்ச தூரம் வாருங்கள். தருவைகுளம் வந்துவிடும்.

இவ்வூரார் வழிவலையோடு ஆழ்கடலுக்குப் போய், நாள் கணக்கில் தங்கிச் சூரை மீன் பிடித்து வருகிறவர்கள். நான் போன அன்று கரையில் ஒரு படகின் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மணல் கறுத்துக் கிடந்தது. அதில்தானா என் புதுச் செருப்பு போய்ப் பதிய வேண்டும்!

"போன வருசம் இதைவிடப் பெரிய கறை இருந்திச்சு, தம்பி. மணல் குடிச்சிட்டு" என்றார் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

குடித்தது மணல் அல்ல. மணலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். எண்ணெய் என்பது கரியும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலி. இவை காற்றிலுள்ள பிராணவாயுவை அதன் நுனியில் பொருத்தி, கொழுப்பு அமிலமாக மாற்றி, துண்டு துண்டாகத் தின்கின்றன. மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும். இந்த வித்தையை இவற்றுக்கு நாம் கற்றுத் தரவில்லை. கடலடியில் எண்ணெய் தானாகவே கசிந்து வருவது யுக யுகமாக நடக்கிறதே!

வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, அமெரிக்காவில் இருந்தபோது, பல வகை எண்ணெய்ப் பொருள்களைத் தின்னும் திறன்களை ஒரே பாக்டீரியாவில் சேர்த்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை உண்டா என்று வழக்கு நடந்து, 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் ஜயித்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாக்டீரியாவைக் கடலில் இறக்கிவிடவே இல்லை!

நம் எண்ணூரைத்தான் மறக்க முடியுமா? 2017 ஜனவரி 28-இல் இரண்டு கப்பல்கள் மோதி, கனத்த எண்ணெய் கரையெங்கும் அப்பியது. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். அள்ளிய சேற்றைத் துறைமுக நிலத்தில் கொட்டி, பாக்டீரியாக்களிடம் ஒப்படைத்தார்கள்.

ஆனால் எண்ணெய் மட்டும் வெறுஞ்சோறு. தழைச்சத்தும் மணிச்சத்தும் இருந்தால்தான் அது இறங்கும். 1989-இல் அலாஸ்காக் கரையில் எண்ணெய் கொட்டியபோது உரம் தெளித்தே வேலை வாங்கினார்கள். காற்றும் ஈரமும் வேறு வேண்டும். காற்றுப் புகாத அலையாத்திச் சேற்றில் எண்ணெய் இறங்கிவிட்டால், வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். தாரை இவை அநேகமாகத் தொடுவதில்லை. பழைய இயந்திர எண்ணெயில் கலந்த உலோகத்தையோ தின்னவே முடியாது.

எதிரே கடலில் வான் தீவும் காரைச்சல்லியும், அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம்.

நான் சொன்னதையெல்லாம் கேட்ட பெரியவர், "அப்ப, ஊத்தினா தின்னுரும்னு இருக்கக் கூடாது, என்ன?" என்றார்.

"கூடாது ஐயா."

இயந்திரத்தருகே இருந்த பையனைப் பார்த்து, "ஏலே, அந்தப் பழைய எண்ணெயை டின்ல பிடிலே!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, மறுபடி வலையை எடுத்துக்கொண்டார்.