பக்கத்தை மூடிய பின்னும் விழித்திருப்பவன்

வதந்தி ஓடுகின்ற வேகத்துக்கும் மறுப்பு நடக்கின்ற வேகத்துக்கும் இடையில்தான் ஒரு பத்திரிகையாளனின் வாழ்க்கை கழிகிறது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய ஓர் உணவகத்தில் சாப்பாட்டுக்குள் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற கதை கிளம்பியது. காணொளியாக அது கைத்தொலைபேசிகளில் பரவியது. அதே இரவில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்ற ஆய்வு அறிக்கை வெளிவந்தபோது நாட்கள் பல கடந்திருந்தன. ஒரு மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னதும் எரிந்தவை எரிந்த பின்னர்தான்.

மார்ச் முதல் வாரத்தில் தீ கண்டி மாவட்டத்தின் திகனைக்குப் போனது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. வதந்தி வந்த வழி அடைபட்டது. மறுப்பு போகவேண்டிய வழியும் அதுதான் என்பதால் அதுவும் சேர்ந்தே அடைபட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களுக்குப் பின்னர் மறுபடியும் அதே முடக்கம். அது நடைமுறையிலிருந்த காலத்திலேயே, 26ஆம் திகதி இரவு, எமது கரையோரத்தின் சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்புகளும் நிகழ்ந்தன. சிறுவர்கள் 6 பேர் உட்பட 15 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. ஊரடங்கு வேளையில் கல்முனைக்குடியிலும் நிந்தவூரிலும் மருதமுனையிலும் இருந்தவர்கள், சில கிலோமீற்றர் தொலைவில் நடந்ததை அறிய ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிடைத்த செய்திகளில் எத்தனை வகை இருந்தன என்பதை இப்பகுதி மக்கள் அறிவார்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. பேஸ்புக்கின் தயவில்லாமல், ஒரு சிறிய செய்தித்தளம் தன் வாசகனின் கைத்தொலைபேசியை நேரடியாகத் தட்டி எழுப்ப முடியுமா? நிரல் எழுதும் இளைஞர் ஒருவரிடம் இதைக் கேட்டேன்.

"முடியும் காக்கா. உங்கட உலாவிக்குள்ளேயே அதுக்கொரு வேலையாள் இருக்கான். நீங்கதான் அவனைக் கண்டதில்ல" என்றார்.

அந்த வேலையாளைப் பற்றி விசாரித்து அறிந்ததை எழுதவே இந்தப் பதிவு. தொழில்நுட்பம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் நெடுங்காலம் ஒற்றைக் கையால் வேலை செய்த மொழி. ஓர் இணையப்பக்கத்தில் எழுத்தைக் காட்டுவதும், விரல் தொட்டதைக் கவனிப்பதும், கணக்குப் போடுவதும் ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இடையில் ஒரு பெரிய வேலை வந்தால் பக்கம் உறைந்து நிற்கும். இதற்குத் தீர்வாக, 2009 அளவில் வெப் வேர்க்கர் என்ற ஏற்பாடு உலாவிகளில் வந்தது. முன்கட்டில் கடைக்காரர் வாடிக்கையாளரைக் கவனிக்க, பின்கட்டில் ஒருவர் மூட்டை பிரிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தை மூடினால் இந்த வேலையாளும் போய்விடுவான்.

அடுத்து வந்தவன் சேர்விஸ் வேர்க்கர். 2015 ஜனவரியில் குரோம் உலாவியிலும், 2016இல் பயர்பொக்ஸிலும், 2018 மார்ச்சில் சபாரியிலும் இடம்பிடித்தான். இவன் ஒரு பக்கத்துக்குச் சொந்தமானவன் அல்லன், முழுத்தளத்துக்கும் உரியவன். வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்டால் அந்தக் கோரிக்கை இவன் கை வழியாகவே போகும். இணைப்பு இல்லையென்றால், முன்பே சேமித்து வைத்த பிரதியை எடுத்துக் கொடுப்பான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இந்த வேலையாளைக் கொண்டு செய்தி வழங்கியுடன் எந்நேரமும் இணைப்பைத் திறந்து வைத்திருக்கச் செய்தால் என்ன? அந்தக் காலத்தில் செய்தி நிறுவனத்தின் டெலிபிரிண்டர் இரவு பகலாக விழித்திருந்ததைப் போல? இரண்டு தடைகள் இருப்பதாகச் சொன்னார் அந்தத் தம்பி.

முதலாவது, உலாவிக்குள் இருக்கும் நிரல் விரும்பிய நெறிமுறையில் விரும்பிய இடத்துடன் பேச முடியாது. மின்னஞ்சலுக்கும் அரட்டைக்கும் என்று இணையத்தின் தொடக்ககாலத்திலிருந்தே உள்ள பழைய நெறிமுறைகளை அது நேரடியாகத் தொட இயலாது. எச்.டி.டி.பி. வழியாகவோ, 2011 டிசம்பரில் தரமாக்கப்பட்ட வெப்சொக்கட் வழியாகவோதான் பெரும்பாலும் பேசவேண்டும். பழைய நெறிமுறையுடன் பேசுவதென்றால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் போல ஒரு வழங்கி நிற்கவேண்டும். கண்ட கண்ட தளங்களின் நிரலெல்லாம் நம் கணினிக்குள் ஓடுகின்றன என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே.

இரண்டாவது தடை பெரியது. சேர்விஸ் வேர்க்கர் எந்நேரமும் விழித்திருப்பவன் அல்லன். குரோமில் சுமார் 30 விநாடி சும்மா இருந்தால் உலாவி அவனை நிறுத்திவிடும். மின்கலத்தைக் காப்பதற்கும், பயனரை எந்நேரமும் கண்காணிக்கும் ஒற்றனாக அவன் மாறிவிடாமல் தடுப்பதற்குமான ஏற்பாடு இது. அவன் நினைவில் வைத்திருந்த தகவலும் அத்துடன் அழிந்துபோகும். வேண்டியதைச் சேமிப்பில் எழுதி வைத்திருக்கவேண்டும். ஆக, டெலிபிரிண்டர் ஒப்புமை பொருந்தவில்லை. சஹருக்கு எழுப்ப வருபவரின் குரல் கேட்டு எழும்பி, வேலையை முடித்து, மறுபடி படுத்துவிடும் ஆள் என்பதே பொருத்தம்.

எழுப்பும் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? உலாவியைச் செய்த நிறுவனத்தின் வழங்கியிலிருந்து. குரோமுக்குக் கூகுள், பயர்பொக்ஸுக்கு மொஸில்லா, சபாரிக்கு அப்பிள். செய்தித்தளம் தன் செய்தியைப் பூட்டி அங்கே ஒப்படைக்கிறது. திறப்பு வாசகரின் உலாவியில் இருப்பதால், நடுவில் இருப்பவர் செய்தியை வாசிக்க முடியாது. எந்தத் தளத்திடமிருந்து எந்த உலாவிக்கு, எத்தனை மணிக்கு வந்தது என்பதை மட்டும் அவர் அறிவார். பேஸ்புக் முடங்கினாலும் இந்த வழி வேறானது என்பது உண்மை. ஆனால் இங்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் வாசலைக் கடந்தே போகிறோம் என்பதையும் மறப்பதற்கில்லை.

இதில் ஒரு பத்திரிகையாளனாக என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தவை இரண்டு சிறு ஏற்பாடுகள். 2016இல் வெளியான இந்த நெறிமுறையில், அனுப்பும் செய்திக்கு ஒரு தலைப்புக் குறியிட முடியும். கைத்தொலைபேசி அணைந்திருந்து முதல் செய்தி இன்னும் சேராத நிலையில், அதே குறியுடன் திருத்தம் அனுப்பினால், காத்திருக்கும் பழைய செய்தியின் இடத்தில் திருத்தம் வந்து அமர்ந்துகொள்ளும். பிழையான செய்தி அந்த வாசகரைச் சென்றடையவே மாட்டாது. ஏற்கெனவே திரையில் கிடக்கும் அறிவிப்பையும் இதுபோல ஓர் அடையாளத்தைக் கொண்டு மாற்றலாம். ஆனால் இது வழமையாகச் சத்தமின்றி நடக்கும். மறுபடி ஒலி எழுப்பு என்று நிரலில் தனியாகச் சொல்லவேண்டும். பத்திரிகைகள் தலைப்புச் செய்தியின் பிழையை ஏழாம் பக்கத்தின் மூலையில் திருத்துகின்ற வழக்கம் நினைவுக்கு வந்தது. அந்த வழக்கத்தை நிரலுக்குள்ளும் கொண்டுபோவதா வேண்டாமா என்பது ஒரே ஒரு வரியில் முடிவாகிறது. அந்த வரியை எழுதச் சொல்லவேண்டியவர் ஆசிரியர்.

இதன் எல்லையையும் சொல்லியாகவேண்டும். வாசித்துவிட்டு வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்ட செய்தியை எந்த வேலையாளாலும் திரும்ப அழைக்க முடியாது. ஐபோனில் 2023 மார்ச்சில்தான் இந்த வசதி வந்தது. அதுவும் தளத்தை முகப்புத்திரையில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வாசகரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைப் பாழாக்கியவர்கள் நாங்களேதான். தளத்துக்குள் கால் வைத்ததும் "அறிவிப்புகளை அனுமதிக்கிறீர்களா" என்று வழிமறித்து, அனுமதித்தவரின் திரையை நடிகையின் திருமணத்தாலும் விளம்பரத்தாலும் நிறைத்தார்கள். தொல்லை தாங்காமல் 2020 தொடக்கத்தில் பயர்பொக்ஸும் குரோமும் அந்தக் கேள்வியையே அடக்கி வாசிக்கத் தொடங்கின. நாளுக்குப் பத்துமுறை வீணாகக் கதவைத் தட்டுபவன், வெள்ளம் வருகிறது என்று சொல்லத் தட்டும்போது யார் திறப்பார்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கடலுக்குக் கொடுத்தது எமது அம்பாறை மாவட்டம். எச்சரிக்கை என்று ஒன்று வந்து சேராத காலை அது. அந்தக் கடனை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு அடைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சில நூறு வரிகளில் எழுதக்கூடிய, கட்டணம் ஏதுமற்ற இந்த வசதியை எங்கள் பிரதேசச் செய்தித்தளங்கள் எத்தனை பொறுப்புடன் கையாள்கின்றன என்று கேட்கும் உரிமை இக்கரையோர மக்களுக்கு உண்டு.

ரொறன்ரோவிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதை வாசிக்கும் நிரலாளர்கள், உங்கள் ஊர்ச் செய்தித்தளத்துக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். அந்த வேலையாளை அமர்த்திக் கொடுங்கள். கொடுக்கும்போது ஆசிரியரிடம் ஒரு நிபந்தனையும் போடுங்கள்: செய்தி எந்த ஒலியுடன் போனதோ, திருத்தமும் அதே ஒலியுடன் போகவேண்டும்.