கல்லுரலும் கடல் பந்தயமும்

நடுக்கடலில் பாய்மரப் படகுப் பந்தயம் என்றால் கோடீசுவரர்களின் விளையாட்டு என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் கணவர் எங்கள் படகிலிருந்த கல்லுரலைத் தூக்கி வந்து வீட்டுத் திண்ணையில் வைக்கும் வரையில்!

"இது ஏன் இங்கே வந்தது?" என்றேன்.

"பந்தயத்துக்குப் போகப் போகிறோம். பாரம் குறைய வேண்டும்" என்றார்.

நாங்கள் ஸிட்னிவாசிகள். எங்களுடையது பந்தயப் படகே அல்ல. 36 அடி நீளம்; உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. விடுமுறை நாளில் எங்கேயாவது நங்கூரம் பாய்ச்சிப் புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்காக வாங்கியது. "இந்தக் கட்டை வண்டியை வைத்துக்கொண்டா ரேக்ளாப் பந்தயம்?" என்று சிரித்தேன்.

அவர் கணக்குச் சொன்னார். ஒவ்வொரு படகுக்கும் அதன் வேகத்தை அளந்து ஓர் எண் கொடுக்கிறார்கள். எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 1.2 எண்ணுள்ள பந்தயப் படகு 16 மணி நேரத்தில் வந்தால் அது 19 மணி 12 நிமிஷமாகிறது. 0.9 எண்ணுள்ள கட்டை வண்டி 20 மணி நேரத்தில் வந்தாலும் 18 மணிதான். வெற்றி கட்டை வண்டிக்கு!

புகழ்பெற்ற ஸிட்னி-ஹோபார்ட் பந்தயமே உல்லாசப் பயணத்திலிருந்து முளைத்ததுதான். 1945-ல் பீட்டர் லூக் என்பவரும் நண்பர்களும் டாஸ்மேனியா வரை படகில் போகத் திட்டமிட்டார்கள். அதைப் பந்தயமாக்கலாம் என்று யோசனை சொன்னவர் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த காப்டன் ஜான் இல்லிங்வர்த். ஒன்பது படகுகள் கிளம்பின. அவருடைய 'ராணி'யே ஜயித்தது. லூக்கின் படகு போய்ச் சேர 11 நாட்களுக்கு மேல் ஆயிற்று. மறு வருஷமே ஜேன் டேட் என்ற பெண்மணி தம் கணவரோடு சென்று பந்தயத்தை முடித்தார். இதைக் கேட்டதும் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

ஆனால் 628 கடல் மைல் தூரமுள்ள அந்தப் பந்தயத்தில் தொடங்குவது, அரிச்சுவடி தெரியாமல் கம்பராமாயணத்துக்கு உரை சொல்வது போல. முதலில் பிறர் படகில் ஆளாகப் போய்ப் பழகினோம். புயல் பாய், உயிர் காக்கும் மிதவை, அபாய அறிவிப்புக் கருவி எல்லாம் வாங்கினோம். நீச்சல் குளத்தில் குதித்து மிதவைக்குள் ஏறவும் கற்றோம். பிறகு, தெற்கே போர்ட் கெம்பிளாவுக்கு அப்பாலுள்ள ஃபிளிண்டர்ஸ் என்ற சின்னத் தீவைச் சுற்றி வரும் பந்தயத்தில் சேர்ந்தோம். போக வரச் சுமார் 90 கடல் மைல்.

பகலெல்லாம் வடகிழக்குக் காற்று, சுகமாகப் போயிற்று. இருட்டியதும் காற்று அடங்கிற்று. அப்புறம் தெற்கிலிருந்து வந்தது பாருங்கள்! நம் ஊரில் தென்றல் என்று கவிஞர்கள் கொஞ்சுகிற அதே திசைக் காற்றுதான். ஸிட்னிக் கடலில் அதற்கு வேறு அவதாரம். அங்கே நீரோட்டம் தெற்கு நோக்கிப் பாய்கிறது. அதை எதிர்த்துக் காற்று வீசினால் அலைகள் சுவராக எழுகின்றன.

பாயைச் சுருக்க வேண்டுமென்று எனக்கு முன்பே தோன்றியது. பக்கத்துப் படகு சுருக்கவில்லையே என்று இவர் பேசாமலிருந்தார். கடைசியில் என் தம்பி பாய்மரத்தடிக்குப் போனபோது ஓர் அலை அவனைப் பெயர்த்துத் தளத்தின் விளிம்புக்கே தள்ளிவிட்டது. மார்பில் பூட்டியிருந்த கயிறு விறைத்து நின்றது. அந்தக் கயிறு மட்டும் இல்லையென்றால்... இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

தீவுக்கு இன்னும் நாலே கடல் மைல். என் கணவர் சுக்கானை விடாமல் பிடித்திருந்தார்.

"தீவு அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும். இவனுக்கு ஏதாவது ஆனால் நான் அம்மாவிடம் என்ன சொல்வேன்?" என்றேன்.

"எனக்கு ஒன்றுமில்லை, அத்தான். போகலாம்" என்றான் தம்பி, வெளிறிய முகத்தோடு.

இவர் அவன் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் படகைத் திருப்பினார். பந்தயத்திலிருந்து விலகுவதாக ரேடியோவில் தெரிவித்தார். காற்று முதுகுப் பக்கம் வந்ததும் அதே கடல் பாதி சாந்தமாகிவிட்டது.

1998-ம் வருஷ ஹோபார்ட் பந்தயத்தில் 115 படகுகள் கிளம்பின; புயலில் ஆறு பேர் மாண்டார்கள். போய்ச் சேர்ந்தவை 44 படகுகளே. திரும்பியவர்களைக் கோழைகள் என்று யார் சொல்ல முடியும்? உங்களில் யாருக்காவது இந்த ஆசை வந்தால், புதுப் படகு தேடாதீர்கள்; கையிலிருக்கும் படகே போதும். ஆனால் பாயைச் சுருக்கவும், படகைத் திருப்பவும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

மறுபடியும் அந்தத் தீவுக்குப் போனோம், சுற்றியும் வந்தோம். கரை சேர்ந்ததில் கடைசிக்கு முந்தைய இடம். கணக்குப் போட்டுப் பெருக்கியதும் நடுவில் வந்துவிட்டோம்!

கல்லுரலா? அது திரும்பப் படகுக்கே போய்விட்டது. பாரத்தைப் படகின் நடுவில், அடியில் வைத்தால் கெடுதல் குறைவாம். குமட்டுகிற தம்பிக்கு இஞ்சி தட்டிக் கொடுக்க வேண்டாமா? இந்தத் தடவை அதைத் தூக்கிக்கொண்டு போனவர் என் கணவரேதான்.