எழுபத்தொன்றில் குற்றாலம்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகள் மனப்பாடம். சிற்றாற்றைப் பார்த்தது எழுபத்தொன்றாம் வயதில்தான். மனைவி குற்றாலம் போகலாம் என்றபோதெல்லாம் ஆபீஸ், பிறகு பேரப்பிள்ளைகள் என்று நாளைக் கடத்தினேன். போனபோது அவளுக்கு முழங்கால் வலி.

தென்காசிக் கோயிலில், 1990-இல் புதிதாகக் கட்டி முடித்த ராஜகோபுரத்தின் அடியில் வீசிய காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெயின் அருவியில்தான் சங்கடம். பெண்களுக்குத் தனிப் பக்கம். நான் கை கொடுக்க முடியாது. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், "வாங்கம்மா, நாங்க புடிச்சிக்கிடுதோம்" என்று கூட்டிப்போனார்கள். நான் துண்டோடு சாரலில் நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தவள் துண்டை வாங்கவில்லை.

"இன்னொரு தடவை போயிட்டு வரட்டுமா?" என்றாள்.