உம்மம்மாவின் முழங்காலும் சேவலின் கொண்டையும்

கற்பிட்டியில் எமது வீட்டு விறாந்தையில் ஒரு கதிரை கிப்லாவை நோக்கி நிரந்தரமாகப் போடப்பட்டிருக்கின்றது. உம்மம்மா அதில் அமர்ந்துதான் தொழுகின்றார். நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதுக்குப் பதிலாகச் சற்றே முன்னோக்கிக் குனிந்து நிமிர்கின்றார். இயலாதவர்க்கு மார்க்கம் அளித்த சலுகை அது என்பதை அவர் நன்கறிவார். ஆயினும், தொழுது முடிந்து ஸலாம் கொடுத்ததும் தம் முழங்கால்களை, கடன் வாங்கித் திருப்பித் தராத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். ஒரு நாளில் ஐந்து முறை இது நிகழும்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்புமாக நீண்டு கிடக்கும் எமது குடாநாட்டில் மணலைச் சிறிது தோண்டினாலே நன்னீர் ஊறும். அந்த ஊற்றை நம்பியே எம்மவர் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு வருகின்றனர். பாத்தி கட்டுதல், நாற்று நடுதல், களை பிடுங்குதல், அறுவடை ஆகிய அனைத்தும் குந்தியிருந்து செய்யும் வேலைகளே. நாற்பது ஆண்டுகள் அவ்வாறு குந்தியிருந்த முழங்கால்கள் அவருடையவை. 2023 ஆம் ஆண்டில் அவை மடங்க மறுத்தன. எடுத்த படத்தைப் பார்த்த வைத்தியர் மூட்டுத் தேய்வு என்றார். அதன் பின்னர் யாரோ சொல்லக் கேட்டு, நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு மாமா அவரை அழைத்துச் சென்றார். "முழங்காலில் எண்ணெய் வற்றிவிட்டது, ஊசி மூலம் எண்ணெய் ஏற்றினால் மூன்று மாதத்தில் நிலத்தில் இருந்து தொழலாம்" என்று அங்கு கூறினார்களாம். அதற்குக் கேட்ட தொகையை ஈடு செய்வதற்கு மாமா தம் தோணியின் இயந்திரத்தை விற்பதாக இருந்தார். இயந்திரம் போனால் தோணி கரையிலேதான் கிடக்கும். அவருக்கோ பள்ளி செல்லும் மூன்று பிள்ளைகள்.

"கம்பஸ்ல படிக்கிற புள்ள இருக்கிதானே, அது தேடிப் பாக்கட்டும்" என்று உம்மம்மா கூறிவிட்டார். நான் படிப்பது வரலாறு. கம்பஸ் என்றால் அங்கே எல்லாம் கற்பிக்கப்படும் என்பது அவரது எண்ணம். வரலாற்று மாணவர்க்கு உடற்றொழிலியல் எதற்கு என்று கூறித் தப்பிக்கொள்ள வழியில்லாமற் போயிற்று. மருத்துவபீடத்து நண்பர் ஒருவரின் நூல்களைக் கடன் வாங்கினேன். விளங்காத இடங்களில் அவரையே பிடித்து வைத்துக் கேட்டேன்.

முதலில் விளங்கியது, அந்த 'எண்ணெய்' எண்ணெயே அன்று என்பதாகும். அது ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. ஐயலூரோனிக் அமிலம் என்பது அதன் பெயர். 1934 ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் மேயர், ஜோன் பாமர் ஆகிய இருவரும் மாட்டின் கண்ணிலுள்ள கண்ணாடியுடனீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயரின் முற்பகுதி வந்தது. எமது கலைச்சொல்லாக்கக்காரரும் அதே உறுப்புநீருக்குக் கண்ணாடியுடனீர் என்றே பெயர் வைத்திருப்பதைக் கண்டபோது, அறிமுகமற்ற ஊரில் உறவினரைச் சந்தித்தது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

இதனை உடல் ஆக்கும் முறை நான் எதிர்பார்த்ததிலும் எளிமையானது, எதிர்பார்த்ததிலும் விசித்திரமானது. உண்ணும் சோற்றிலிருந்து வரும் குளுக்கோசே மூலப்பொருள். கலத்தினுள்ளே அதன் ஒரு பங்கு ஒட்சியேற்றப்பட்டுக் குளுக்கூரோனிக் அமிலமாகின்றது. இன்னொரு பங்கு குளுத்தமின் என்னும் அமினோ அமிலத்திடமிருந்து நைதரசனைப் பெற்று, பின் அசற்றைற் கூட்டமொன்றையும் ஏற்று, அசற்றைல் குளுக்கோசமைன் ஆகின்றது. இவ்விரண்டும் தனித்து நிற்பதில்லை. யூரிடீன் இருபொசுபேற்று என்னும் சக்தி மிக்க சுமைகாவியின் தோளில் ஏறிக்கொண்டே வேலைத்தலத்துக்கு வருகின்றன. அங்கு இவை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கப்படுகின்றன: அமிலம், அமைன், அமிலம், அமைன் என்று பல்லாயிரம் தடவை. வேறு சர்க்கரையும் இல்லை, கிளையும் இல்லை.

விசித்திரம் எங்கே என்றால், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏனைய சங்கிலிகள் கலத்தினுள்ளே, கொல்கி உடலில், ஒரு புரதத்தின்மேல் கட்டப்படுகின்றன. இது மட்டும் புரதம் எதிலும் பற்றாமல், கலத்தின் எல்லையாகிய முதலுரு மென்சவ்விலேயே ஆக்கப்படுகின்றது. அச்சவ்வில் பதிந்திருக்கும் ஐயலூரோனன் சிந்தேசு என்னும் நொதியம் உட்புறத்தில் சர்க்கரைகளைக் கோத்தபடியே, கோத்த பகுதியைச் சவ்வினூடாக வெளிப்புறத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். தோணியில் இருந்தபடி ஒருவன் வலையைப் பின்னப் பின்ன, பின்னிய பகுதி அணியத்தால் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்தால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். உள்ளே முழுவதையும் கட்டி முடித்துவிட்டு வெளியே அனுப்புவது இயலாத காரியம். ஏனெனில் சர்க்கரைச் சோடிகள் பத்தாயிரம் கொண்ட ஒரு சங்கிலியை நீட்டிப் பிடித்தால் அதன் நீளம் ஒரு செங்குருதிக் கலத்தின் குறுக்களவை எட்டிவிடும்.

இந்நொதியத்தின் மூன்று வகைகளுக்குரிய பரம்பரையலகுகள் பாலூட்டிகளில் 1996 அளவில் இனங்காணப்பட்டன. இவற்றுள் இரண்டாவதை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது கரு வளர்ச்சியின் நடுவிலேயே, இதயம் சரிவர உருவாகாமல் அவை இறந்தன. முழங்காற் சமாசாரம் என்று தொடங்கிய தேடல் இதயம் வரை சென்றது. எம்மைத் தாயோடு இணைத்த தொப்புள்கொடியின் வழுவழுப்பான உட்பகுதியிலும் இப்பொருள் நிறைந்திருக்கின்றது.

இன்னொரு செய்தியையும் இங்கு சொல்லவேண்டும். மேலே கூறிய அசற்றைல் குளுக்கோசமைனை மட்டும் வரிசையாகக் கோத்தால் கிடைப்பது கைற்றின். அதுவே இறாலினதும் நண்டினதும் கோது. கைற்றினை ஆக்கும் நொதியமும் எமது சிந்தேசும் கூர்ப்பு வழியில் உறவுடையன. எமது களப்போரத்தில் இறால் உரித்தெறியும் கோதுகளின்மேல் எத்தனை முறை வெறுங்காலோடு மிதித்து நடந்திருப்பேன்! மிதித்த காலுக்கும் மிதிபட்ட கோதுக்கும் இடையே இப்படியொரு தாயாதி உறவு இருக்குமென்று நினைத்ததில்லை.

எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் மொத்தம் பதினைந்து கிராமளவு ஐயலூரோனிக் அமிலமே உண்டு. அதிற் பாதியளவு தோலில் இருக்கின்றது. ஆச்சரியம் யாதெனில், இம்மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு நாள்தோறும் அழிக்கப்பட்டுப் புதிதாக ஆக்கப்படுகின்றது என்பதே. அழிக்கும் நொதியத்துக்கு ஐயலூரோனிடேசு என்று பெயர். இதே இன நொதியம் பாம்பு நஞ்சிலும் உண்டு. கடித்த இடத்து இழையத்தின் பசையைக் கரைத்து நஞ்சு பரவ வழி திறந்துவிடுவது அதன் தொழில். எமது தோட்டங்களில் அஞ்சப்படும் கண்ணாடி விரியன் இந்தக் கண்ணாடிப் பொருளைக் கரைக்கும் கருவியையும் வைத்திருக்கின்றது! பெயர்ப்பொருத்தம் தற்செயலானதுதான், ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முழங்காலுக்கு வருவோம். மூட்டைச் சூழ்ந்த உறையின் உட்புறத்துக் கலங்கள் இச்சங்கிலிகளை மூட்டுநீரினுள் சுரந்துகொண்டேயிருக்கின்றன. சங்கிலிகள் நீண்டு, சுருண்டு, ஒன்றோடொன்று சிக்கி, நீரைத் தம்முள் பிடித்து வைத்திருப்பதனாலேயே அந்நீர் முட்டை வெண்கரு போல் இழுபடுகின்றது. தேய்வுற்ற மூட்டில் அதன் செறிவும் குறைகின்றது, சங்கிலிகளின் நீளமும் குறைகின்றது. ஆகவே சிகிச்சை நிலையத்தார் கூறியது முழுப்பொய் அன்று. குறைந்ததை ஊற்றி நிரப்பலாம் என்பதே அவர்களது வாதம்.

விடுமுறையில் வீடு சென்று, எனக்கு விளங்கியதை உம்மம்மாவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டிருந்தார். ஊசிமருந்தை எதிலிருந்து எடுக்கின்றார்கள் என்று வினவினார். சேவலின் கொண்டையிலிருந்து என்றேன். உண்மையும் அதுவே: விலங்குடலில் இப்பொருள் மிகச் செறிவாக உள்ள இடங்களுள் சேவலின் கொண்டை ஒன்று. ஹங்கேரியில் பிறந்த எந்திரே பலாஸ் என்பவர் அதைக் கொண்டையிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கும் வழி கண்டார். 1980 அளவில் கண் சத்திரசிகிச்சையில் அது இடம்பெற்றது. பின்னர் முழங்காலுக்கும் வந்தது.

உம்மம்மா சிறிது நேரம் பேசவில்லை. முற்றத்தில் எமது சேவல் கொண்டையை ஆட்டியபடி மேய்ந்துகொண்டிருந்தது.

"புள்ள, அந்தச் சேவல பிஸ்மி சொல்லி அறுத்தாங்களா?"

நான் வாசித்த நூல்களில் எவரும் எழுப்பாத வினா அது. சிரித்துவிட்டுப் பின் வெட்கப்பட்டேன். நெற்றியை நிலத்தில் வைப்பதற்காகவே மருந்து தேடும் ஒருவர், அம்மருந்து ஆகுமானதா என்று கேட்பதில் என்ன நகைப்பு? இப்போது பெருமளவு பற்றீரியாவைக் கொண்டே ஆக்குகின்றார்கள் என்று சமாதானம் கூறினேன். தொண்டை நோவைத் தரும் கிருமியொன்று இதே பொருளால் போர்வை செய்து போர்த்திக்கொள்கின்றது. எமது உடலின் பொருளும் அதுவும் ஒன்றேயாகையால் உடலின் காவலர் ஏமாந்துவிடுகின்றனர். அதன் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாவே தொழிற்சாலைகளில் வளர்க்கப்படுகின்றது. சேவல், மாடு, மனிதர், கிருமி எதிலென்றாலும் சங்கிலி ஒன்றே என்றேன்.

"அப்ப சேவலுக்கும் எனக்கும் ஒரே எண்ணெதான்" என்றார். "ஊத்தினா எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?"

அவர் கேட்டதில் இதுவே கூர்மையான வினா. பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லாத வினாவும் கூட. உடல் தான் ஆக்கியதையே நாள்தோறும் அழித்து மாற்றுகையில் பிறிதொன்றை விட்டுவைக்குமா? ஏற்றிய மருந்தின் பெரும்பகுதி சில நாள்களிலேயே மூட்டை விட்டு அகன்றுவிடுகின்றது. 2022 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று 169 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. வெறும் ஊசியோடு ஒப்பிடுகையில் நோவு சிறிதளவே குறைகின்றது, நோயாளர் உணரத்தக்க அளவுக்கு அன்று என்பதே அதன் முடிபு. பாரதூரமான பக்கவிளைவுகளும் சற்று அதிகமாகக் காணப்பட்டன. பயன் கண்டோம் என்று கூறும் நோயாளர் இல்லாமலில்லை. அவர்களைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தோணி இயந்திரத்தை விற்பதற்கு அது போதுமான ஆதாரமாக எனக்குத் தோன்றவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்ன இரவு எளிதாகக் கழியவில்லை. தாயின் முழங்காலுக்குச் செலவழிக்க ஒரு மகன் முன்வருகையில் புத்தகத்தைக் காட்டித் தடுப்பது கொடுமையாகவே பட்டது. "நாளைக்கு உம்மாக்கு நடக்க ஏலாமப் போனா நீயா தூக்குவாய்?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. தோல் பளபளக்கவென்று இதே பொருளைச் சிறு குப்பியில் அடைத்து விற்கும் விளம்பரம் தொலைக்காட்சியில் வந்துபோனது. மாமா அதை அணைத்துவிட்டு வெளியே சென்றார். அவர் இயந்திரத்தை விற்கவில்லை. என்னோடு இரண்டு கிழமை பேசவுமில்லை.

அரசாங்க வைத்தியசாலையில் இயன்மருத்துவர் ஒருவர் பயிற்சியொன்று கற்றுக்கொடுத்தார். கதிரையில் அமர்ந்து, கணுக்காலில் சிறு மணற்பை கட்டி, காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும். தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமை குறையும் என்றார். முயலின் முழங்கால்களில் நடத்திய ஆய்வுகளில், மூட்டை அசைக்க அசைக்க உறைக்கலங்கள் ஐயலூரோனிக் அமிலத்தைக் கூடுதலாகச் சுரந்தன என்றும் நான் வாசித்திருந்தேன். முயலுக்கு உரியது உம்மம்மாவுக்கும் அப்படியே பொருந்துமென்று உறுதி கூற இயலாது. ஆனாலும் அதை அவரிடம் சொன்னேன், அவருக்குப் பிடித்திருந்தது.

உம்மா பழைய சாரமொன்றைக் கிழித்துப் பை தைத்தார். கடற்கரை மணலைச் சலித்து, வெங்காயம் நிறுக்கும் தராசில் அரைக் கிலோ நிறுத்து நிரப்பினோம். உம்மம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிப் பத்து எண்ணுவார். இன்றும் கதிரையில் அமர்ந்துதான் தொழுகின்றார். ஆனால் கிணற்றடிக்குத் தனியே போய் வருகின்றார், படியேறுகையில் சுவரைப் பிடிப்பதில்லை.

சென்ற விடுமுறையில் பையைத் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. தராசில் வைத்தபோது ஒரு கிலோவுக்கு மேல் காட்டியது. மணலைக் கூட்டியது யாரென்று உம்மாவிடம் கேட்டேன். தாம் இல்லை என்றார். விறாந்தையில் உம்மம்மா காலை நீட்டியபடி மணியை உருட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.