மெட்டுக்குக் கீழே ஒரு சர்வர்

போடியில் ஏலக்காய் ஏலம் கணினிக்கு வந்தது 2007-இல். குரல் கொடுத்து விலை கேட்டவர்கள் ஆளுக்கொரு திரை முன் உட்கார்ந்தார்கள். 2021-இல் ஸ்பைசஸ் போர்டு அதை கிளவுடுக்குக் கொண்டுபோய், போடியையும் போடிமெட்டு மலைப்பாதைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியையும் ஒரே ஏலத்தில் சேர்த்துவிட்டது. காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பது இங்கே. கேட்ட விலை பதிவாவது எங்கோ இருக்கும் சர்வரில்.

அந்த ‘எங்கோ’ நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. கிளவுடில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெய்நிகர் கணினிதான்: பெரிய இயந்திரம் ஒன்றைப் பங்கு போட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினிபோல ஓடவிடுவது. அதே வேலையை வீட்டு லேப்டாப்பிலேயே செய்து பார்க்கலாம்.

*

லேப்டாப் இல்லாமல் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. எனக்குத் தெரிந்த வீடுகளில் லினக்ஸ் பக்கம் யாரும் போனதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம். இப்போது து. நித்யாவின் ‘எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்’ கணியம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

*

லேப்டாப்பில் மெய்நிகர் கணினி உருவாக்க விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள், அதற்குள் உபுண்டு சர்வர். திரையில் படம், ஐகான் எதுவும் வராது, கறுப்புத் திரையும் எழுத்தும்தான். நிறுவும்போது, வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் வேண்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அங்கேயே டிக் போட்டுவிடுவது நல்லது. நிறுவுவதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. கஷ்டமெல்லாம் நெட்வொர்க்கில்.

*

கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, உள்ள இருந்து நெட்டு வருது. வெளிய இருந்து உள்ள போக முடியல. ஏண்ணே?”

சரியான கேள்வி. விர்ச்சுவல்பாக்ஸ் முதலில் கொடுப்பது நேட். உள்ளே இருக்கும் சர்வருக்கு 10.0.2.15 என்று ஒரு முகவரி, வாசல் (கேட்வே) 10.0.2.2. எல்லாருக்கும் இதே எண்தான், அதனால் வெளியில் அதற்கு மதிப்பில்லை. எஸ்டேட் லயத்தில் குடியிருப்பவரைப் போல: அவர் போடும் கடிதம் எஸ்டேட் முகவரியில் வெளியே போகும், பதிலும் ஆபீஸ் வழியாக அவர் கைக்கு வந்துவிடும். ஆனால் வெளியாள் தானாக முதல் கடிதம் எழுதினால் எந்த வீடு என்று ஆபீசுக்குத் தெரியாது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது ஆபீசில் முன்கூட்டியே சொல்லிவைப்பது: லேப்டாப்பின் 2222-க்கு வருவதை உள்ளே 22-க்குக் கொடுத்துவிடு.

பையனுக்குப் புரிந்துவிட்டது. அடுத்து, “அப்ப ஜியோவும் நம்மள இப்படித்தான வச்சிருக்கு?” என்றான். ஆமாம்.

*

நேட்டுக்கு மாற்று பிரிட்ஜ். அந்த முறையில் சர்வருக்கு வீட்டு ரூட்டரே நேரடியாக முகவரி கொடுக்கும். கேபிள் இருந்தால் அருமை. வைஃபையில் சிக்கல்: தன்னிடம் பதிந்த மேக் முகவரியைத் தவிர வேறொன்றை ஆக்சஸ் பாயின்ட் ஏற்காது. விர்ச்சுவல்பாக்ஸ் மேக் முகவரியை மாற்றிப்போட்டுச் சமாளிக்கப் பார்க்கும், எல்லா இடத்திலும் நடப்பதில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகளுக்கு நான் பிரிட்ஜைச் சொல்வதில்லை.

இரண்டு நெட்வொர்க் கார்டு போடுவதே என் சிபாரிசு. முதலாவது நேட், இணையத்துக்கு. இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி, லேப்டாப்புக்கும் சர்வருக்கும் மட்டும். லேப்டாப் 192.168.56.1 ஆகிவிடும், சர்வருக்கு 192.168.56.10 என்று நிலையான எண் கொடுக்கலாம். டிஹெச்சிபி 101-இலிருந்துதான் எண் கொடுக்க ஆரம்பிக்கும் என்பதால் மோதாது.

உள்ளே முதல் கார்டின் பெயர் ஈஎன்பி0எஸ்3, இரண்டாவது ஈஎன்பி0எஸ்8. ‘எஸ்’ஸுக்குப் பின்னால் இருப்பது கார்டு செருகியிருக்கும் ஸ்லாட் எண். மெய்நிகர்க் கணினியில் ஸ்லாட்டும் பாவனைதான், ஆனால் லினக்ஸ் அதை உள்ளபடியே நம்பிப் பெயர் வைக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த இடம்.

இந்த எண்களை எழுதும் நெட்பிளான் கோப்பில் இரண்டு கவனம். டேப் கூடாது, இடைவெளி மட்டும். இரண்டாவது கார்டுக்கு கேட்வே எழுதவே கூடாது; எழுதினால் வெளியே போக வேண்டியதெல்லாம் வழியில்லாத பக்கம் திரும்பக்கூடும், இணையம் நின்றுபோகும். மாற்றியதும் ‘நெட்பிளான் டிரை’. 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். மலைமேல் இருக்கும் இயந்திரத்தைக் கீழிருந்து மாற்றுகிறவருக்கு இந்த 120 வினாடி பெரிய தைரியம். இல்லையென்றால் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

*

எதற்கு இவ்வளவு? ஏலக்காய் ஸ்டோருக்கு, அதாவது மலைமேல் காயை உலர்த்தும் கூடத்துக்கு. பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ. 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் இரவெல்லாம் ஓட வேண்டும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போச்சு. அந்தச் சூட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்க ஒரு சென்சாரும் சின்ன சர்வரும் போதும். முதலில் லேப்டாப்பில் கட்டிப் பழகிவிட்டால், அதையே மேலே கொண்டுபோய் வைக்கலாம்.

*

மேலே சிம் கார்டுதான் இணைப்பு. போடிமெட்டு தாண்டினால் கேரள டவர் பிடிக்கும். எந்த டவரானாலும் ஆபரேட்டர் தரும் ஐபிவி4 முகவரி பெரும்பாலும் நேட்டுக்குள் இருப்பதுதான்; 100.64-இல் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். போடியிலிருந்து உள்ளே தட்ட முடியாது. ஸ்டோர் சர்வர்தான் முதலில் வெளியே வந்து கை நீட்ட வேண்டும். வயர்கார்டு என்ற விபிஎன்னில் அதற்கு வழி இருக்கிறது: பொது முகவரி உள்ள ஒரு சின்ன மெய்நிகர்க் கணினியை வாடகைக்கு எடுத்து, ஸ்டோரும் போடியும் அதோடு இணைய வேண்டும். ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 என்று வைத்தால் 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் போய், நேட்டில் திறந்த வழி மூடாமல் இருக்கும்.

வாடகைச் சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் திறக்க வேண்டும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் வயர்கார்டின் 51820 யுடிபிக்கு வழி விட வேண்டும். எஸ்எஸ்ஹெச்சுக்குக் கடவுச்சொல் வேண்டாம், சாவி மட்டும். வரும் சனிக்கிழமை பையன்களோடு இதைச் செய்து பார்க்கிறோம். சூட்டு அளவை முதலில் கையால் தட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு, சென்சாரை அப்புறம் சேர்க்கலாம்.